தங்கையர்க்கும் ஒரு மாலை

உவர்மலையிலிருந்து துறைமுகம் வரை, மாலைதோறும் சிறுவர் கிரிக்கெட் ஆடக் காண்கிறேன். அவர்தம் தங்கையர் ஓரத்தில் நின்று, தப்பி வரும் பந்தை எடுத்தெறிவதோடு சரி. பெண்ணுக்கு அது போதும் என்பாருளர். போதாது என்பதே என் துணிபு.

சசிகலா சிறிவர்தனவைப் பாருங்கள். 2003இல் இலங்கை அணியிற் சேர்ந்த இச்சகலதுறை வீராங்கனை, 118 ஒருநாள் ஆட்டங்களில் 2,000க்கு மேற்பட்ட ஓட்டங்களும் 124 விக்கெட்டுகளும் ஈட்டினார். 2013 உலகக் கிண்ணத்தில், அவர் தலைமையில் ஆடிய அணி முந்தைய சாம்பியனான இங்கிலாந்தையே வீழ்த்தியது. 2020 மார்ச்சில், மெல்பேணில் தம் இறுதி ஆட்டத்திலும் வங்காளதேசத்தின் 4 விக்கெட்டுகளை 16 ஓட்டங்களுக்குச் சாய்த்தே விடைபெற்றார்.

துடுப்பிலும் பந்திலும் ஒருங்கே தேர்ச்சி பெறுதல் எளிதன்று. இரட்டைக் கலைக்கு இரட்டைப் பயிற்சி வேண்டும். அது பதினேழு ஆண்டு உழைப்பின் விளைவு. ஓரத்தில் நிற்கும் கைக்கு அது எங்ஙனம் வாய்க்கும்?

பெற்றோரே, மைதானப் பொறுப்பாளரே! பரிசும் பாராட்டும் பின்னர் வரட்டும். வாரத்தில் ஒரு மாலையேனும் ஆடுகளத்தின் நடுவிடத்தை நம் பெண்மக்களுக்கு விடுங்கள். ஆற்றல் உண்டா இல்லையா என்பதை அவர்களே ஆடிக் காட்டுவர்.