அந்தப் பறவை உங்களைக் குறிவைத்து வருகிறதா?



இன்டர்நெட் கட்டாகிவிட்டால் குரோம் பிரவுசரில் ஒரு குட்டி டைனோசர் வந்து நிற்குமே, பார்த்திருப்பீர்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஓட ஆரம்பிக்கும். கள்ளிச்செடி வந்தால் தாண்ட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. 2014-ம் ஆண்டிலிருந்து உலகம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது அந்த டைனோசர்!

முதலில் எல்லாம் சுகமாகத்தான் போகும். கள்ளிகளைத் தாண்டித் தாண்டி விரலுக்கு ஒரு தாளம் பிடிபட்டிருக்கும். திடீரென்று எதிரே ஒரு பறவை! (பறவை என்று நாம் சொல்கிறோம். அது டெரோடாக்டைல், டைனோசர் காலத்தில் பறந்து திரிந்த ஊர்வன இனம்.) டமால்! ஆட்டம் முடிந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஓட்டம். மறுபடியும் பறவை. நாலாவது தடவை கீபோர்டு மேல் ஒரு குத்து விழும். கூடவே, "சே! எனக்கு இதெல்லாம் வரவே வராது" என்று ஒரு முணுமுணுப்பு.

கீபோர்டுக்கு விழுந்த குத்தைவிட அந்த முணுமுணுப்புதான் எனக்குக் கவலை. "எனக்கு வராது" என்ற வார்த்தையை வகுப்பறையில் எத்தனையோ ஆண்டுகள் கேட்டவன் நான். பின்னக் கணக்கில் கேட்டேன், ஆங்கில இலக்கணத்தில் கேட்டேன். இப்போது விளையாட்டிலும் கேட்கிறேன். விளையாட்டுதானே, போகட்டும் என்று விட எனக்கு மனசு வரவில்லை.

என் கருத்து இதுதான். ஒரு விளையாட்டில் தாண்டவே முடியாத எதிரி வந்தால், "நான் மக்கா?" என்று உங்களைக் கேட்டுக்கொள்ளாதீர்கள். "இந்த எதிரி எந்த விதிப்படி நடக்கிறான்?" என்று கேளுங்கள். விதி இருந்தால் இன்றோ நாளையோ அவனைத் தாண்டிவிடலாம். விதியே இல்லை என்றால், அந்த விளையாட்டைச் செய்தவர் சரியாகச் செய்யவில்லை. அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

வினாத்தாள் தயாரிப்பது போலத்தான் விளையாட்டுத் தயாரிப்பதும். நல்ல ஆசிரியர் முதல் பக்கத்தில் எளிய கேள்விகளை வைப்பார். போகப் போகக் கடினமாக்குவார். ஆனால், கடினமான கேள்விக்கும் விடை பாடத்துக்குள்ளேதான் இருக்கும். பாடத்திலேயே இல்லாத கேள்வியைத் திடீரென்று நுழைத்தால் வகுப்பே கூச்சல் போடும். கூச்சல் போடுவது நியாயமும்கூட!

சரி, டைனோசர் விளையாட்டின் பறவைக் கேள்வி பாடத்துக்குள் உள்ளதா, வெளியே உள்ளதா?

உள்ளேதான். அந்தப் பறவை மூன்றே உயரங்களில்தான் வரும். தரையை ஒட்டி வந்தால் தாண்ட வேண்டும். நடுவில் வந்தால் கீழ் அம்புக்குறியை அழுத்திக் குனியலாம். மேலே வந்தால்... ஒன்றுமே செய்ய வேண்டாம்! பேசாமல் ஓடினால் போதும், தலைக்கு மேலே போய்விடும். அதுவரை வந்த கள்ளிகளுக்கெல்லாம் "குதி" என்ற ஒரே விடை போதுமாக இருந்தது. பறவைக்கு மூன்று விடை. சிக்கல் அங்கேதான். உங்கள் விரல் பழைய விடையையே எழுதிக்கொண்டிருக்கிறது.

இதை நான் என் பேரனிடம் பார்த்தேன். ஏழாம் வகுப்பு படிக்கிறான். "தாத்தா, இந்தப் பறவை என்னையே குறிவைத்து வருது!" என்று ஒரே புகார். "எந்தப் பறவைடா?" என்றேன். "எல்லாப் பறவையும்தான்!" என்றான். ஒரு பழைய நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு முறை தோற்கும்போதும் மேல், நடு, கீழ் என்று ஒரு வார்த்தை மட்டும் எழுதச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் எழுதினான். பன்னிரண்டு தடவை தோற்றதில் ஏழு தடவை "மேல்". அதாவது, சும்மா போயிருக்க வேண்டிய பறவை மேல் இவனே எகிறிக் குதித்து மோதியிருக்கிறான்! அடுத்த ஆட்டத்தில் மேலே பறவை வந்தபோது கையைக் கட்டிக்கொண்டான். அது பாட்டுக்குப் பறந்து போனது. அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார்கள். (உடனே உலக சாதனை செய்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். அடுத்து வந்த மூன்று கள்ளிக் கூட்டத்தில் விழுந்தான்.)

அந்த விளையாட்டைச் செய்தவர்கள் இன்னும் சில நியாயங்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஓட்டம் வேகமாக ஆக, தடைகளுக்கு நடுவே விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளியும் கூடும்படி கணக்கு எழுதியிருக்கிறார்கள். வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் கூடாது. செல்போனில் கீழ் அம்புக்குறி கிடையாது, குனிய முடியாது அல்லவா? அதனால், போனுக்கான கணக்கில் அந்த நடு உயரத்தையே எடுத்துவிட்டார்கள். விடை எழுத வழியில்லாத கேள்வியைக் கேட்கக் கூடாது என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப் போனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2007-ல் "தி வேர்ல்ட்ஸ் ஹார்டஸ்ட் கேம்" என்று ஒரு பிரவுசர் விளையாட்டு வந்தது. உலகத்திலேயே கடினமான விளையாட்டு என்று பெயரிலேயே பயமுறுத்தல்! நீங்கள் ஒரு சிவப்புச் சதுரம். நீல வட்டங்களில் படாமல் எதிர்ப்பக்கம் போக வேண்டும். மொத்தம் 30 கட்டங்கள். எத்தனை முறை செத்தீர்கள் என்று மேலேயே எண்ணிக் காட்டி மானத்தை வாங்கும். அது எழுதப்பட்ட ஃப்ளாஷ் மென்பொருளை 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு அடோபி நிறுவனம் கைவிட்டுவிட்டது. ஆனாலும், வேறு வழிகளில் இன்றும் அதை விளையாடுகிறார்கள். அந்த நீல வட்டங்கள் உங்களைத் துரத்துவதே இல்லை தெரியுமா? நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்பதே அவற்றுக்குத் தெரியாது. செக்கு மாடு மாதிரி ஒரே தடத்தில் போய்வரும். தொடங்கும் இடத்தில் பச்சைப் பகுதி ஒன்று இருக்கும், அங்கே நின்றால் ஆபத்தில்லை. அங்கேயே நின்று நாலைந்து சுற்று வேடிக்கை பார்த்தால் வழி கண்ணில் படும். கை தடுமாறும், சாவீர்கள். ஆனால், எதனால் செத்தோம் என்று தெரிந்து சாவீர்கள்.

துரத்துகிற எதிரிக்கும் விதி இருக்கலாம். 1980-ல் ஜப்பானில் வந்த பேக்மேன் விளையாட்டைக் கூகுள் தன் முகப்புப் பக்கத்திலேயே 2010 மே 21-ல் வைத்தது, அதன் 30-வது பிறந்தநாளுக்காக. அதில் நான்கு பேய்கள். நாலும் ஒன்றுபோல வருவதாகத் தோன்றும். கவனித்தால் அப்படி இல்லை. சிவப்புப் பேய் நீங்கள் இருக்கும் இடத்துக்கே வரும். இளஞ்சிவப்பு, நீங்கள் போகும் திசையில் நான்கு கட்டம் தள்ளிக் காத்திருக்கப் பார்க்கும். ஆரஞ்சுப் பேய் ஒரு பயந்தாங்கொள்ளி! தூரத்தில் இருக்கும்போது துரத்தும், கிட்டே வந்ததும் தன் மூலையைப் பார்த்து ஓடும். தவிர, நான்குமே அவ்வப்போது துரத்துவதை விட்டுவிட்டுத் தங்கள் மூலைக்குப் போகும். உங்களுக்கு மூச்சு விட நேரம் தருவதற்காக!

இவ்வளவு நன்றாகச் செய்த பேக்மேனிலேயே ஒரு கோளாறு உண்டு. பழைய இயந்திரத்தில் கட்ட எண்ணை வைத்திருக்கும் இடம் 255-க்கு மேல் எண்ணாது. அதனால் 256-வது கட்டத்தில் திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் எண்ணுமாகக் குழம்பிப் போய்விடும். தின்ன வேண்டிய புள்ளிகளே போதாது. எப்பேர்ப்பட்ட வீரரும் அந்தக் கட்டத்தை முடிக்க முடியாது. அங்கே போய் நின்றவர்கள் தங்களை மக்கு என்று சொல்லிக்கொள்ளவில்லை. "இயந்திரத்தில் பிழை" என்றார்கள்.

அது தெரியாமல் நடந்த பிழை. தெரிந்தே செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். சில இலவச விளையாட்டுகளில் பத்துப் பதினைந்து கட்டம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அடுத்த கட்டத்தில் எதிரியின் பலம் திடீரென்று பல மடங்காகும். நோட்டில் எழுதிப் பார்த்தாலும் ஒரு விதியும் பிடிபடாது. நீங்கள் சோர்ந்து போகிற அதே நொடியில் திரையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும்: "விளம்பரம் பார்த்தால் இன்னோர் உயிர்! காசு கொடுத்தால் பெரிய வாள்!" இது வினாத்தாளைக் கடினமாக எழுதிவிட்டு, வாசலிலேயே விடைத்தாள் விற்கிற வேலை. அங்கே நீங்கள் தோற்கவில்லை, தோற்க வைக்கப்படுகிறீர்கள். அப்பாவின் போனில் பணம் கட்டும் வசதி இருக்கிறதே என்று அதைத் தொட்டுவிடாதீர்கள்.

எது நியாயமான கஷ்டம், எது வியாபாரக் கஷ்டம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் வகுப்பிலேயே விசாரியுங்கள். காசு கொடுக்காமல், விளம்பரம் பார்க்காமல் அந்தக் கட்டத்தைத் தாண்டிய ஒருவராவது இருக்கிறாரா? இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஆடுவதை ஒரு முறை பாருங்கள். கையை மட்டும் பார்க்காதீர்கள், எங்கே காத்திருக்கிறார் என்று பாருங்கள். வகுப்பு முழுக்கக் கேட்டும் ஒருவர்கூட இல்லையென்றால் அந்த விளையாட்டை மூடிவிடுங்கள். டைனோசர் விளையாட்டுக்குக் காசும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். மேலே பறவை வந்தால் மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.