மெத்தையில படுத்திருக்கிற நாயைக் கேளுங்கோ

யூட்டாவின் செம்பாறைகள், அரிசோனாவின் கள்ளிக்காடு, நெவாடாவின் முடிவே இல்லாத நேர் ரோட்டு. நடுவில ஒரு கேம்பர் வான். பின்கதவு திறந்திருக்கு, மெத்தையில ஒரு நாய் படுத்திருக்கு. வாடகை இல்லை, மேலதிகாரி இல்லை, நாளைக்கு எங்க எண்ட கவலையும் இல்லை. அமெரிக்க மேற்குப் பாலைவனத்தில் வானில் திரியும் ஆக்களின் காணொளிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எங்களுக்கும் அதுகளைப் பார்க்கப் பிடிக்கும். சனம் நெரியிற பஸ்ஸில நிண்டுகொண்டு போனில பார்க்கிற பாலைவனத்துக்கு ஒரு தனி ருசி இருக்கு.

ஆனால் இந்தக் காணொளிகள் 'சுதந்திரம்' எண்டு எதைச் சொல்லுது, அது யாருக்குக் கிடைக்குது எண்டு ஒருக்கா யோசிக்கவேணும். அதை அந்த நாயிலிருந்து தொடங்கினால் சுலபமாக விளங்கும்.

முதலில் வெக்கை. நாய்க்கு எங்களைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைச்சுத்தான் அது சூட்டை இறக்கும். வெளியில் 21 பாகை செல்சியஸ் மட்டுமே இருந்தாலும், கண்ணாடி பூட்டின வாகனத்துக்குள்ள அரை மணித்தியாலத்தில் 40 பாகை ஆகிவிடும். 21 பாகை எண்டால் எங்கட ஆக்கள் சுவெட்டர் தேடுற குளிர். அப்ப டெத் வலியின் கோடையை நினைச்சுப் பாருங்கோ. உலகத்தில் பதிவான ஆகக்கூடிய காற்று வெப்பநிலையான 56.7 பாகை, 1913 ஜூலை 10இல் அங்கதான் பதிவானது. தார் ரோட்டு பாதத்தைப் பொசுக்கும். 'துள்ளுற கள்ளி' எண்டு பட்டப்பேர் வாங்கின சோய்யாக் கள்ளி, மெல்லத் தட்டினாலே துண்டாகக் கழண்டு காலில் ஒட்டும். கையால பிடுங்கினால் கையிலயும் ஏறும், சீப்பால தட்டித்தான் எடுக்கவேணும். விசயம் தெரிஞ்ச ஆக்கள் குளிர்காலத்தில் தாழ்நிலப் பாலைவனத்தில் நிண்டிட்டு, கோடைக்கு மலைப்பக்கம் ஏறிவிடுவினம். எந்த மாதம் எங்க நிற்கிறது எண்டதை முடிவெடுக்கிறது நாய்தான்.

அடுத்தது விதிகள். டெத் வலி, ஆர்ச்சஸ், கன்யன்லாண்ட்ஸ், ஜோசுவா ட்ரீ ஆகிய தேசியப் பூங்காக்களின் அநேகமாக எல்லா நடைபாதைகளிலும் நாய்க்கு அனுமதி இல்லை. ரோட்டோரம், தரிப்பிடம், முகாம் இடம், அவ்வளவுதான். அதுவும் 6 அடிக்கு மேற்படாத கயிற்றில். கிராண்ட் கன்யனின் தென்விளிம்பில் மேல நடக்கலாம், பள்ளத்துக்குள் இறங்க ஏலாது. ஒயிட் சாண்ட்ஸின் வெள்ளை மணல்மேடுகள் போல சில இடங்களே விதிவிலக்கு. இந்த விதிகளை நாங்கள் குறை சொல்லேல்ல. நாயின் மணமே அங்கத்தைய மிருகங்களைக் கலைக்கும். கொயோட்டியும் கிலுகிலுப்பைப் பாம்பும் நாயையும் விடாது. ஆனால் நாயை வானுக்குள் பூட்டிவிட்டு மலையுச்சிக்குப் போய் செல்ஃபி எடுக்கிறவைக்கு, அந்த நாய் படத்துக்கான சாமான் மட்டும்தான்.

இந்த வகைப் பயணத்துக்குப் பெயர்போன முன்னோடி ஜோன் ஸ்ரைன்பெக். 1960இல் சார்லி எண்ட நாயோட, பின்னால சிறு வீடு பூட்டின ட்ரக்கில் அமெரிக்காவைச் சுற்றினார். 1962இல் அது புத்தகமாக வந்தது. அந்தப் பயணத்தில் அவருக்கு இருந்த ஆகப் பெரிய வசதி ட்ரக் இல்லை. திரும்பிப் போக அவருக்கு வீடு இருந்தது.

பூங்காவுக்குள் நாயோட நடக்க ஏலாதவை எங்க போகினம்? பொதுநிலத்துக்கு. அமெரிக்க மத்திய அரசின் நில முகாமைத்துவப் பணியகத்தின் கையில் ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் இருக்கு. நெவாடா மாநிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. இந்த நிலத்தின் பல பகுதிகளில் 28 நாளுக்குள் 14 நாள் வரை காசு கட்டாமலே முகாமிடலாம், நாய்க்கும் கட்டுப்பாடு குறைவு. ஆக, காணொளியில் நாங்கள் பார்க்கிற சுதந்திரம் வானோட சேர்த்து விக்கிற பொருள் இல்லை. ஒரு நாடு தன் நிலத்தைத் தனியாருக்கு விற்காமல் வைத்திருப்பதால் வருவது. அந்த நாடும் அதை வெறுமையாகக் கண்டெடுக்கேல்ல. ஷொஷோனி, பையூட், யூட் மக்களின் நிலம் அது. படங்களில் அடிக்கடி வரும் மொனியுமென்ட் வலி இண்டைக்கும் நவஹோ மக்களின் பூங்கா. அங்க நினைச்ச இடத்தில் வானை நிறுத்திப் படுக்க ஏலாது.

மிச்சமிருக்கிற பொதுநிலமும் நிரந்தரம் எண்டு சொல்ல ஏலாது. 2025 ஜூனில் யூட்டாவின் செனட்டர் மைக் லீ, அதில் பல லட்சம் ஏக்கரை விற்க வழிசெய்யும் பிரேரணையைக் கொண்டுவந்தார். வேட்டைக்காரரும் முகாமிடுபவர்களும் கட்சி பார்க்காமல் எதிர்த்ததில் அதை அவர் மீளப்பெற்றார்.

இப்ப அரிசோனாவின் குவார்ட்ஸைட்டுக்கு வருவம். சின்ன ஊர். குளிர்காலத்தில் அதைச் சுற்றியுள்ள பொதுநிலம் வான்களால் நிரம்பும். செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை அங்க தங்குவதற்கான கட்டணம் பல வருடமாக 180 டொலராக இருந்தது. பொழுதுபோக்குக்கு வந்தவையும், வாடகை கட்ட ஏலாமல் வந்தவையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பினம். 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு வீடிழந்து, வயசான காலத்தில் வானில் வாழ்ந்தபடி அமேசன் களஞ்சியங்களில் வேலை செய்தவர்களைப் பற்றித்தான் ஜெசிக்கா ப்ரூடர் 2017இல் 'நோமாட்லாண்ட்' எழுதினார். அதன் திரைப்படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஒஸ்காரை வாங்கியது.

அவர்களில் பலரிட்டயும் நாய் இருக்கு. வீடற்றோருக்கான தங்குமிடங்கள் பலவற்றில் நாயை எடுக்கமாட்டினம். நாயை விட்டிட்டு வந்தால் கட்டில் தருவம் எண்டால், கனபேர் வாகனத்துக்கே திரும்பிப் போவினம். ஒருத்தருக்கு வானில படுக்க நாய் ஒரு துணை. இன்னொருத்தருக்கு, வானில படுக்கவேண்டி வந்ததுக்கே நாய்தான் காரணம்.

இரண்டு பேரையும் சட்டம் ஒரே மாதிரிப் பார்க்குதா? ஒரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் நகரம், பொது இடங்களில் இரவு தங்குவோருக்குத் தண்டம் விதித்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் ஒருவரான குளோரியா ஜோன்சன் வானில் வாழ்ந்தவர். 2024 ஜூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம் 6க்கு 3 எண்ட கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பாலைவனத்தில் வானுக்குள் படுத்தால் அது சாகசம். வேலைத்தலத்துக்கும் வைத்தியசாலைக்கும் கிட்ட படுத்தால் அது குற்றமாகலாம்.

இதால வான் பயணம் பிழை எண்டு நாங்கள் சொல்லவரேல்ல. ஒரு நாயோட, மெதுவாக, தண்ணியை அளந்து செலவழிச்சுப் போற பயணத்தில் மரியாதை இருக்கு. ஆனால் அந்த வாழ்க்கையை ரசிக்கிற நாங்கள், அதைத் தாங்கி நிற்கிற பொதுநிலத்துக்காகவும், தெரிவு இல்லாமல் அதே வாழ்க்கையை வாழ்கிறவைக்காகவும் சேர்த்தே கதைக்கவேணும். சான் டியாகோ போன்ற சில நகரங்கள், வாகனத்தில் வாழ்வோர் இரவில் பயமில்லாமல் படுக்கத் தரிப்பிடங்களை ஒதுக்கியிருக்கு. நாயையும் சேர்த்து ஏற்கும் அப்படியான இடங்கள் ஒவ்வொரு நகரத்திலும் வந்தால்தான், வானில படுக்கிறது எல்லாருக்கும் சுதந்திரம் எண்டு சொல்லலாம். அதுவரைக்கும் அது வீட்டுத் திறப்பைச் சட்டைப்பையில் வைச்சிருக்கிறவையின் சுதந்திரம் மட்டும்தான்.