அதிரசத்துக்குப் பதம் இருக்கு... கேமுக்கு இருக்கா? 'ஆல் டைம் பெஸ்ட்' சண்டையும் காரைக்குடி அடுப்பங்கரையும்!

போன தீபாவளிக்கு காரைக்குடியில் அப்பத்தா வீட்டில் இருந்தேன். முற்றத்துத் தூணில் சாய்ந்துகொண்டு அத்தை பையனும் சித்தப்பா பையனும் ஒரே சண்டை. பட்டாசுக்காக இல்லை. 'உலகத்துலயே பெஸ்ட் வீடியோ கேம் எது?' என்பதற்காக.

"மச்சான், மெட்டாகிரிட்டிக்ல 99 மார்க் வாங்குனது ஜெல்டா: ஆகரினா ஆஃப் டைம்தான். இதுக்கு மேல என்ன பேச்சு?"

"நீ அதை விளையாண்டிருக்கியா?"

"இல்ல..."

"நான் சான் ஆண்ட்ரியாஸை அஞ்சு தடவை முடிச்சிருக்கேன். எனக்கு அதான் பெஸ்ட். அவ்வளவுதான்!"

கவனிச்சீங்களா? ஒருத்தனிடம் மார்க் இருக்கு, அனுபவம் இல்லை. இன்னொருத்தனிடம் அனுபவம் இருக்கு, காரணம் இல்லை. இணையத்தில் நடக்கும் முக்கால்வாசி கேம் சண்டைகள் இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் நடக்கின்றன.

பஞ்சாயத்துக்குப் பயந்து அடுப்பங்கரைக்குள் நுழைந்தேன். அப்பத்தா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தார். "உருட்டுனா உருளணும். முன்னாடியே இறக்குனா எண்ணெயில பிரிஞ்சுபோகும். கூட விட்டா கல்லாட்டம் ஆயிரும்."

"ஏலக்காய் எவ்வளவு அப்பத்தா?"

"அது அவுகவுக வாய்க்கு ஏத்த மாதிரி."

வெளியே நடந்த சண்டைக்கான விடை உள்ளே அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. பதம் வேற, ருசி வேற. பதம் தப்பினால் யார் சாப்பிட்டாலும் தெரியும். ஏலக்காய் கூடவா குறையவா என்பது அவரவர் இஷ்டம்.

கேமுக்கும் பதம் உண்டு. பட்டனை அழுத்தினால் கேரக்டர் உடனே குதிக்கிறதா? செத்துப்போனால் 'என் தப்புதான்' என்று தோன்றுகிறதா, இல்லை கேம் ஏமாற்றியதாகத் தோன்றுகிறதா? கதை சொல்வதும் நாம் விளையாடுவதும் ஒன்றோடொன்று ஒட்டுகிறதா? இதையெல்லாம் காட்டிப் பேசலாம், வாதாடலாம். 'எனக்கு ஹாரர் பிடிக்காது', 'மெதுவா போனா தூக்கம் வருது' என்பதெல்லாம் ருசி. அதில் சரி, தப்பு கிடையாது.

மார்க் எங்கிருந்து வருது?

2001-ல் தொடங்கிய மெட்டாகிரிட்டிக், பல விமர்சகர்களின் மதிப்பெண்களை 100-க்கு மாற்றி சராசரி போடுகிறது. எந்த ஊடகத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறது என்பதை வெளியே சொல்வதில்லை. 1998-ல் வந்த ஆகரினாவின் 99 இப்படிக் கிடைத்ததுதான். அது பெரிய மரியாதை, சந்தேகமே இல்லை. ஆனால் தெர்மாமீட்டர் காட்டும் 99 மாதிரி கிடையாது. பல பேரின் ருசியும் பதம் பார்த்த தீர்ப்பும் கலந்த சராசரி.

'வெறும் நம்பர்தானே' என்று விட்டுவிடவும் முடியாது. 2010-ல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' கேமை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு, மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. ஒரு மார்க்கில் போனஸ் போச்சு. இதை 2012-ல் அந்த நிறுவனத்தின் கிறிஸ் அவெல்லோனே வெளியே சொன்னார். அதே நியூ வேகாஸை இன்றைக்கும் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

அப்போ ரசிகர்கள் ஓட்டுதான் சரியா? அதிலும் சிக்கல் இருக்கு. 2020 ஜூனில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' வெளியான சில மணி நேரத்திலேயே பூஜ்ஜியம் மார்க்குகள் குவிந்தன. முடிக்கவே இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும் கேம் அது! விளையாடாமலே போட்ட மார்க்குகள் எத்தனை என்று நீங்களே கணக்குப் போடலாம். அதன் பிறகுதான், கேம் வந்து 36 மணி நேரம் கழித்தே ரசிகர்கள் மார்க் போடலாம் என்று மெட்டாகிரிட்டிக் விதியை மாற்றியது.

'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் நடுவர் குழு ஓட்டுக்கு 90 சதவிகிதம், ரசிகர் ஓட்டுக்கு 10 சதவிகிதம். 2024-ல் 'ஆண்டின் சிறந்த கேம்' விருது 'ஆஸ்ட்ரோ பாட்'டுக்குப் போனது. முழுக்க ரசிகர்களே தேர்ந்தெடுக்கும் விருது, சீனப் புராணத்து வானர வீரனை வைத்து வந்த 'பிளாக் மித்: வுகோங்'குக்குப் போனது. ஒரே ஆண்டு, ஒரே மேடை, இரண்டு பதில்கள். தன் பாட்டி சொன்ன கதைக்குள் முதல்முறை கம்போடு இறங்குகிற சீன இளைஞனுக்கு அந்த கேம் எவ்வளவு பெரியது என்பதை நடுவர் குழுவின் மார்க் சொல்லாது. ஆஸ்ட்ரோ பாட்டின் ஒவ்வொரு குதியிலும் இருக்கும் நேர்த்தியை ரசிகர் ஓட்டும் சொல்லாது.

நம்ம கை, நம்ம போன்

'ஆல் டைம் டாப் 100' பட்டியல்களில் பெரும்பாலும் கன்சோல், பிசி கேம்கள்தான். நம்மில் பலருக்கு கேம் என்றால் முதலில் டிவியில் செருகிய கேசட் மரியோ, கான்ட்ரா. அப்புறம் நேரா போன்தான். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்குத் தடை விழுந்தபோது ஊரே துக்கம் காத்தது ஞாபகம் இருக்கா? அப்படி ஒரு கேம் இந்தப் பட்டியல்களின் உச்சியில் வருவதே இல்லை. தரம் இல்லாததால் மட்டுமா? பட்டியல் போடுபவர்கள் எதில் விளையாடி வளர்ந்தார்கள் என்பதும் ஒரு காரணம். பட்டியலைப் பார்க்கும்போது 'யார் போட்டது?' என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

நம்ம கேமுக்கும் அதே தராசு

இப்போ கஷ்டமான கேள்வி. 2023-ல் வந்த 'வெண்பா', டொராண்டோவின் விசாய் கேம்ஸ் உருவாக்கியது. எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. 2024-ல் பாஃப்டாவின் 'சிறந்த அறிமுக கேம்' விருதும், சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் முதல் பரிசும் வாங்கியது.

இட்லி செய்யும் முதல் காட்சியிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பர்மா, மலேயா என்று போனவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரன் நான். கலங்காமல் என்ன செய்யும்? ஆனால் அது என் ருசி. என் கண்ணீரைக் காட்டி 'இதுதான் உலகத்தின் பெஸ்ட்' என்று உங்களிடம் சொல்ல முடியாது.

எதைச் சொல்லலாம்? அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்திருக்கிறது, எழுத்து அழிந்திருக்கிறது. விடுபட்டதை நாம் யூகித்துச் சமைக்க வேண்டும். தூர தேசத்தில் மறந்துபோவதை மீட்பதுதான் கதை. விளையாட்டும் அதேதான். இது பதம். தமிழே தெரியாதவரிடமும் இதைக் காட்டிப் புரியவைக்கலாம். குறையும் இருக்கு. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தப்பாகச் சமைத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை, சவால் குறைவு. 'நம்ம கேம்' என்ற பாசத்தில் இதை மறைத்தால், அடுத்து தமிழில் கேம் செய்ய வருகிற பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பது கைதட்டல் மட்டும்தான். அவர்களுக்கு அதைவிட அதிகமாகத் தேவைப்படுவது காரணம்.

அன்றைக்குச் சாயங்காலம் லேப்டாப்பில் வெண்பாவைப் போட்டுக் கொடுத்தேன். சான் ஆண்ட்ரியாஸ்காரன் முடித்துவிட்டு, "ஸ்லோ மச்சான், எனக்கு செட் ஆகல. ஆனா அந்த நோட்டு ஐடியா செமயா பண்ணியிருக்கான்" என்றான். 99 மார்க்காரன் கூகுள் பண்ணாமல், "எனக்குப் பிடிச்சுது. ஆனா சீக்கிரம் முடிஞ்சுபோச்சு" என்றான்.

சண்டை முடியவில்லை. ஆனால் இப்போது இரண்டு பேர் பேசுவதும் காதில் விழுந்தது. அதிரசத்தில் ஏலக்காய் எனக்குக் கொஞ்சம் தூக்கல். பதம் மட்டும் அப்படியே இருந்தது.