கையெழுத்தும் கைத்திறனும்

பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பவருக்குத் தங்கப் பதக்கம் கிடைக்கலாம். வீறிட்டு அழும் குழந்தையின் கையில் குளுக்கோஸ் ஏற்ற இரத்தக் குழாய் கிடைக்குமா? இந்தக் கேள்வியை முன்வைத்துத்தான் 2019இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் நாடு முழுவதும் மாற்றப்பட்டது. என்ன தெரியும் என்பதோடு என்ன செய்யத் தெரியும் என்பதும் இப்போது கணக்கில் வருகிறது. முதலில் பொம்மையில் பழக்கம். பிறகு ஆசிரியர் முன்னிலையில் செய்துகாட்ட வேண்டும். அவருக்குத் திருப்தி என்றால் பதிவேட்டில் கையெழுத்து. நோயாளியிடம் துயரச் செய்தியைச் சொல்லும் விதம்கூடப் பாடம்தான்.

பெங்களூருக்கு இதன் சாரம் புதிதல்ல. 1963இல் தொடங்கப்பட்ட செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி, மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்துக் கற்பிக்கிறது. படிப்பை முடித்தவர்களைக் கிராமப்புற மருத்துவமனைகளுக்கும் அனுப்புகிறது. ஸ்கேன் கருவியோ சீனியர் டாக்டரோ பக்கத்தில் இல்லாத இடத்தில்தான் ஏட்டுப் படிப்பின் சாயம் வெளுக்கும்.

சிக்கல் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. பல கல்லூரிகளில் ஆண்டுக்கு 150 பேர் சேர்கிறார்கள். ஒவ்வொருவரும் தையல் போடுவதை நின்று பார்க்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். பார்க்காமல் போடும் கையெழுத்து மனப்பாடத்தைவிட ஆபத்தானது. மனப்பாடம் செய்தவருக்குத் தன் கை பழகவில்லை என்பதாவது தெரியும். இவரிடமோ சான்று இருக்கும். அது உண்மையா என்ற சோதனை, நோயாளியின் உடம்பில் நடக்கும்.