கோட்டும் டையும் போட்ட ப்ளூஸ்காரிகள்

கறுப்பர் கவிதையைத் தமிழில் போட்டுப் போட்டு நமக்கு அலுக்கவே இல்லை. 1972இல் பம்பாயில் தலித் பாந்தர் பிறந்தபோது பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்துதான் எடுத்தார்கள். லாங்ஸ்டன் ஹியூஸ் தெரியும், மால்கம் எக்ஸ் தெரியும். ஆனால் மா ரெய்னி என்றால் முழிக்கிறோம். கொஞ்ச நாள் முன்பு ஒரு கூட்டத்தில் பெஸ்ஸி ஸ்மித் பாட்டைப் போட்டுக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பெண்களையும் காதலித்தவர் என்று சொன்னேனோ இல்லையோ, முன்வரிசைத் தோழர் ஒருவர் எழுந்துவிட்டார்: “அதெல்லாம் இப்ப எதுக்குத் தோழர்? பாட்டப் பத்தி மட்டும் பேசுங்களேன்.”

நியாயமான கேள்விதான். ஆனா அந்த விஷயத்தை எடுத்துட்டா பாட்டுல பாதி போயிடுமே!

மா ரெய்னியையே எடுத்துக்கொள்வோம். கெர்ட்ரூட் பிரிட்ஜெட் என்பது சொந்தப் பெயர். 1886இல் பிறந்தவர். தெற்கு மாநிலங்களில் கூடாரம் அடித்துக் காட்டும் ஊர் சுற்றிக் குழுக்களில் பாடிப் பாடி வளர்ந்தவர். 1923 முதல் 1928 வரை பாராமவுண்ட் கம்பெனிக்காக ஏறக்குறைய நூறு பாட்டுகள் பதிவு செய்தார். (அந்தக் கம்பெனி உண்மையில் விஸ்கான்சினில் நாற்காலி செய்கிற ஒரு முதலாளியின் துணை வியாபாரம். நாற்காலி விற்றவன்தான் கறுப்பர் கண்ணீரையும் தட்டில் ஊற்றி விற்றான்.) அந்த 1928ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று: ஆம்பளைங்க நமக்கு ஒத்துவராது, நான் பெண்களோடுதான் திரிகிறேன், முடிந்தால் நிரூபியுங்கள் என்று ஊரையே வம்புக்கு இழுக்கிற பாட்டு. அதற்குக் கம்பெனி போட்ட விளம்பரப் படத்தில் தொப்பி, கோட்டு, டை சகிதம் கனத்த உடம்போடு ஒரு பெண் தெருமுனையில் நின்று இரண்டு பெண்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார். தூரத்தில் ஒரு போலீஸ்காரன் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அதற்கு மூன்று வருஷம் முந்தி, 1925இல், சிகாகோவில் பெண்களை வைத்து விருந்து நடத்தியதற்காக ரெய்னியைப் போலீஸ் பிடித்துப் போனதாகவும், மறுநாள் பெஸ்ஸி ஸ்மித் வந்து ஜாமீனில் எடுத்ததாகவும் சொல்வார்கள். போலீஸ் பிடித்ததை மறைக்காமல் அதையே பாட்டாக்கி விற்கிற திமிர் இருக்கிறதே, அதற்குப் பெயர் என்ன? நம்ம ஊர்ல இதத்தான் கலகம்னு சொல்றோம்.

இந்தப் பெண்கள் யார்? அடிமைச் சந்தையில் விற்கப்பட்டவர்களின் பேத்திகள். பிள்ளை பெறுவதும் பெறாததும், யாரோடு படுப்பது என்பதும் முதலாளி முடிவு செய்கிற காரியமாக இருந்த காலம் போய் இரண்டு தலைமுறைதான் ஆகியிருந்தது. என் உடம்பை யாருக்குக் கொடுப்பது என்பதை நான் முடிவு செய்வேன் என்று அவர்கள் பாடியபோது அது வெறும் படுக்கையறைச் சமாச்சாரம் இல்லை. ஏஞ்சலா டேவிஸ் 1998இல் ப்ளூஸ் பெண்கள் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதி இதைத்தான் விளக்கினார்.

வெள்ளைக்காரன் என்ன செய்தான் என்பது நமக்குப் பழகிய கதை. சொந்த ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்ப்போம். 1921இல் கறுப்பர் ஒருவரே தொடங்கிய இசைத்தட்டுக் கம்பெனி பிளாக் ஸ்வான். நிர்வாகக் குழுவில் டுபாய்ஸ் இருந்தார். நம்ம இனத்தைத் தூக்கி நிறுத்தப்போகிறோம் என்றார்கள். பெஸ்ஸி ஸ்மித் போய்ப் பாடிக் காட்டினார். ரொம்பக் கரடுமுரடு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1923இல் வெள்ளைக்காரக் கம்பெனியான கொலம்பியாவில் அவர் பாடிய முதல் தட்டு ஆறு மாசத்துக்குள் ஏழரை லட்சத்துக்கு மேல் விற்றது. பிளாக் ஸ்வான் அடுத்த வருஷமே பாராமவுண்ட் கைக்குப் போய்விட்டது. 1929இல் ஹார்லெமின் பெரிய கறுப்புத் தேவாலயத்தின் போதகர் ஆடம் கிளேட்டன் பாவெல், ஆணோடு ஆண், பெண்ணோடு பெண் என்கிற உறவுகளைக் கண்டித்துப் பிரசங்கம் செய்து ஊரையே கிளப்பிவிட்டார். ‘நாகரிகமாக நடந்து காட்டினால்தான் நம்மை மனுசனாக மதிப்பான்’ என்கிற புத்தி அது. மதிக்காதவனுடைய அளவுகோலையே வாங்கி வந்து சொந்தப் பெண்களை அளந்தார்கள்.

நாம் கொண்டாடுகிற ஹியூஸ் இதில் எந்தப் பக்கம் நின்றார் தெரியுமா? 1926இல் எழுதிய கட்டுரையில், படித்த கறுப்பர்களின் அடைத்துப்போன காதில் பெஸ்ஸி ஸ்மித்தின் குரல் போய் விழட்டும் என்றார். ஹியூஸை மொழிபெயர்க்கிற நாம் இதை மட்டும் வசதியாகத் தாண்டிப் போகிறோம்.

கிளாடிஸ் பென்ட்லி கதைதான் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. ஹார்லெம் 133ஆம் தெருவில் வெள்ளைக் கோட்டும் உயரத் தொப்பியுமாகப் பியானோ முன் உட்கார்ந்து ராத்திரி முழுக்கப் பாடியவர். பிரபலமான பாட்டுகளுக்கெல்லாம் பச்சையாக வேறு வரிகள் போட்டுச் சபையையே சேர்ந்து பாடவைத்தவர். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன் என்று பகிரங்கமாகச் சொன்னவர். 1937இல் கலிபோர்னியா போனார். அங்கே கால்சட்டை போட்டு மேடையேறத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பிறகு மெக்கார்த்தி வேட்டை வந்தது. கம்யூனிஸ்டோடு சேர்த்து இவர்களையும் வேட்டையாடினார்கள். 1952இல் எபனி பத்திரிகையில் நான் மறுபடி பெண்ணாகிவிட்டேன் என்று கட்டுரை எழுதினார். ஹார்மோன் ஊசி போட்டுக் குணமானதாகச் சொன்னார். கூடவே படங்கள்: பாவாடை கட்டிக்கொண்டு படுக்கை விரிக்கிறார், சமைக்கிறார். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எபனி கறுப்பர் நடத்திய பத்திரிகை என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். 1960இல் ஐம்பத்திரண்டு வயதில் செத்துப்போனார்.

எல்லாரையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது என்பதும் சரிதான். பிக் மாமா தோர்ன்டன் ஆண் சட்டை போட்டுத் திரிந்தார் என்பதற்காக அவர் யாரை விரும்பினார் என்று நாம் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் 1953இல் அவர் பாடி முதலிடத்தில் நின்ற ‘ஹவுண்ட் டாக்’கை 1956இல் எல்விஸ் பாடிக் கோடீஸ்வரனான கதையை மட்டும் எல்லாரும் ரசித்துச் சொல்கிறோம். திருட்டைப் பேச வாய் வருது, சட்டையப் பேச வர்ல.

பெஸ்ஸியின் அந்த முதல் தட்டுப் பாட்டை லவி ஆஸ்டினோடு சேர்ந்து எழுதியவர் ஆல்பர்ட்டா ஹன்டர். அவரும் ஒரு பெண்ணோடு பல காலம் வாழ்ந்தவர். அம்மா இறந்த பிறகு பாட்டை விட்டுவிட்டு, வயதைப் பன்னிரண்டு வருஷம் குறைத்துச் சொல்லி நர்ஸ் படிப்பில் சேர்ந்தார். இருபது வருஷம் நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்தார். பாடகி என்று அங்கே யாருக்கும் தெரியாது. 1977இல் எழுபது வயதாகிவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பினார்கள். உண்மையில் அப்போது எண்பத்திரண்டு. அதே வருஷம் மேடை ஏறினார். வயதை ஒளித்ததைப் பிறகு சிரித்துக்கொண்டே எல்லாரிடமும் சொன்னார். லாட்டி டைலரோடு வாழ்ந்ததை 1984இல் சாகிறவரை மேடையில் வாய் திறந்து சொல்லவில்லை.