பாட்டுக்கு மட்டும் வெளியே அனுப்புங்கள்



குமரி மாவட்டத்து முட்டம் என்றதும் கலங்கரை விளக்கமும் கடற்கரைப் பாறைகளும் நினைவுக்கு வரும். கூடவே, 1981-இல் வெளிவந்த ‘அலைகள் ஓய்வதில்லை’யும் வரும். பாரதிராஜா அந்தப் படத்தை இங்கேதான் எடுத்தார். அதில் நாயகி மேரி பாட்டுக் கற்றுக்கொள்ளப் போவது பள்ளிக்கூடத்துக்கு அல்ல, நாயகன் விச்சுவின் அம்மாவிடம். வேறொரு மதத்துப் பெண் ஒரு பிராமண வீட்டுக்குள் உட்கார்ந்து சுரம் பாடுகிறாள். ஊரெல்லாம் படத்தைக் காதல் கதையாகப் பார்த்தது. எனக்கு அந்தப் பாட்டு வகுப்புதான் மனத்தில் நின்றது.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் சிலர் அண்மையில் கேட்ட கேள்வி அந்தக் காட்சியை மீண்டும் நினைவூட்டியது. “கணக்கு, அறிவியல் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். பாட்டை என்ன செய்வது? செல்போனில் பார்த்துப் படித்தால் போதாதா?”

போதாது என்பதே என் பதில். மற்றப் பாடங்கள் வீட்டிலேயே நடக்கட்டும். பாட்டுக்கு மட்டும் பிள்ளையை வெளியே அனுப்புங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். பாட்டு வகுப்பின் முதல் படி மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. தனியாகப் பாடும் பிள்ளை, சுரம் கடினமான இடத்தில் தன்னை அறியாமல் கையை மெதுவாக்கிவிடும். கேட்க ஆள் இல்லாததால் அது பிழை என்றே தெரியாது. நான்கு பிள்ளைகளோடு உட்கார்ந்தால் அப்படி நிற்க முடியாது. மூன்றாம் காலத்தின் வேகத்தில் தவறவிட்டால் அடுத்த தாளச் சுற்று வரை காத்திருந்து, மற்றவர்கள் எடுக்கும் இடத்தில் தானும் எடுக்க வேண்டும். பிறருக்குக் காது கொடுக்கும் இந்தப் பழக்கத்தைப் புத்தகம் தராது.

சுருதியும் அப்படித்தான். பதிவு செய்த பாடத்தில் இருப்பது பாடகரின் கட்டை, அதாவது அவர் குரலுக்கு ஏற்ற சுருதி. அதையே பிடிக்கப் போனால் பிள்ளையின் தொண்டை நோகும். நேரில் கேட்கும் ஆசிரியர் அரைக்கட்டை ஏற்றியோ இறக்கியோ பிள்ளைக்கு ஏற்ற சுருதியை வைத்துத் தருவார். ஆண்பிள்ளைக்குக் குரல் உடையும் வயதில், கொஞ்ச நாள் மேல்ஸ்தாயியைத் தொட வேண்டாம் என்று சொல்லவும் அவரால் முடியும். வீடியோ அழைப்பில் ஒலி சற்றுத் தாமதமாக வந்து சேர்வதால் ஆசிரியரும் மாணவரும் ஒரே தாளத்தில் சேர்ந்து பாடவே முடிவதில்லை.

அந்தப் படத்துக்கு இசையமைத்த இளையராஜாவையே பாருங்கள். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். பதினான்கு வயதில் அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் பாடினார். 1968-இல் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். அவருடைய இசைப்படிப்பு ஆட்களுக்கு நடுவில்தான் தொடங்கியது.

சேர்ந்து பாடிப் பழகுவது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. களியல் என்னும் நாட்டார் ஆட்டத்தில் ஆசான் நடுவில் நின்று தாளம் போட்டுப் பாட, சுற்றி நிற்பவர்கள் கோல் தட்டி ஆடுவார்கள். ஒருவர் கோல் பிந்தினால் பக்கத்தில் இருப்பவருக்கு உடனே தெரியும். முட்டம் சகல புனிதர்கள் ஆலயம் போல நம் ஊர்க் கோயில்களின் பாடகர் குழுக்களும் பிள்ளைகளுக்குச் சேர்ந்து பாடக் கற்றுக்கொடுக்கும் இடங்களே.

எங்கே அனுப்புவது? தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறுகளில் பாட்டு, நடனம், ஓவியம் சொல்லித் தருகிறார்கள். பெரிய பிள்ளைகளுக்குத் திருநெல்வேலியில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. 14 வயது நிறைந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வில் கர்நாடக இசையையே ஒரு பாடமாக எடுத்து எழுதலாம். இசைக் கிரேடு தேர்வுகளுக்கு அவசரப்பட வேண்டாம். முதல் இரண்டு ஆண்டுகள் பிள்ளை பிறரோடு பாடிப் பழகட்டும்.

வீட்டுக்கும் வேலை உண்டு. தினமும் ஒரே நேரத்தில் சிறிது நேரம் சுருதிப்பெட்டியைப் போட்டுப் பிள்ளையை உட்கார வையுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். திருத்த வேண்டாம், கேட்டால் போதும்.

கடைசியாக, பாட்டுத் தெரிந்த வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கும் பிள்ளை இருந்தால், வாரம் ஒரு மாலை மற்றப் பிள்ளைகளோடு அதையும் உங்கள் திண்ணைக்கு அழையுங்கள். “எந்தப் பள்ளி?” என்று கேட்டு அதைச் சங்கடப்படுத்த வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்து, சரளி வரிசையிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்