தனி ஆம்ப்ளிஃபையர்: 3 டெசிபலுக்கு 60,000 ரூபாயா?

போனஸ் வந்ததும் ஹோம் தியேட்டர் பிரியர்களுக்கு வர்ற முதல் ஆசை, நல்லா ஓடிக்கிட்டிருக்கிற ஏவி ரிசீவரோட ஒரு தனி பவர் ஆம்ப்ளிஃபையர் சேர்க்கிறது. "ரிசீவர் பவர் பத்தாது சார்"னு கடையில சொல்லியிருப்பாங்க. ஃபிளாட்டுல இருக்கிற பெரும்பாலானவங்களுக்கு அது வேண்டாம்ங்கிறதுதான் என் கருத்து.

உங்க ஸ்பீக்கரோட சென்சிடிவிட்டி 88 டெசிபல்னு வச்சுக்குங்க. 1 வாட் கொடுத்தா 1 மீட்டர் தூரத்துல அவ்வளவு சத்தம். 3 மீட்டர் தள்ளி சோபாவுல உட்கார்ந்தா அது ஏறக்குறைய 78 ஆகும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாம படம் பார்க்க இதுவே தாராளம். வெறும் 1 வாட்! சண்டைக் காட்சியில திடீர்னு 10 டெசிபல் எகிறினாலும் 10 வாட்தான்.

இப்ப 80 வாட் ரிசீவருக்கு மேல 160 வாட் ஆம்ப் போடுறீங்க. பவர் இரட்டிப்பு, ஆனா கூடுறது 3 டெசிபல். சத்தம் ரெண்டு மடங்கா தோணணும்னா சுமார் 10 டெசிபல் கூடணும். அதுக்கு 800 வாட் வேணும். ஸ்பீக்கர் தாங்குமா?

அட்டைப்பெட்டியில போட்டிருக்கிற வாட் கணக்கு பெரும்பாலும் ரெண்டு சேனல் மட்டும் ஓடும்போது எடுத்தது, அது உண்மை. ஆனா பவரை அதிகம் தின்கிறது பேஸ்தான். செட்டிங்ஸ்ல ஸ்பீக்கரை 'ஸ்மால்'னு மாத்தி கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ்ல வச்சா, அந்தச் சுமையை சப்வூஃபர் தன் சொந்த ஆம்ப்ல தாங்கிக்கும். பைசா செலவில்லை.

4 ஓம் ஸ்பீக்கர், பெரிய ஹால், சத்தம் கூட்டினா ரிசீவர் தானா ஆஃப் ஆகுது, இல்ல ரிசீவர்ல இருக்கிற ஆம்ப் சேனலைவிட ஸ்பீக்கர் அதிகம்னா கதை வேற. ஆஃப் ஆனா முதல்ல ஒயர் உரசுதா, காத்தோட்டம் இருக்கான்னு பாருங்க. அப்புறம் ரிசீவர் பின்னாடி ப்ரீ-அவுட் இருக்கான்னு பாருங்க. அது இல்லாம ஆம்பை வாங்கி எங்க சொருகுறது?

சரி, வாங்கியே ஆகணும், 'நோ காஸ்ட் இஎம்ஐ' இருக்கேங்கிறீங்களா? 60,000 ரூபாய், 12 மாசம், கார்டு வட்டி 15 சதவீதம்னா வட்டி சுமார் 4,600 ரூபாய். அதைத் தள்ளுபடியா கழிச்சுடுவாங்க. அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, 800 ரூபாய் சொச்சம், உங்க தலையில. பிராசஸிங் ஃபீஸ் தனி. சம்பளக்காரங்க இதுக்குத் தேய்மானம்கூட கிளெய்ம் பண்ண முடியாது!

கடைக்காரர் டெமோவுக்கு ஒரு ஆம்ப் வீட்டுக்குக் கொடுத்தா, ஃபோன்ல சவுண்ட் மீட்டர் ஆப் வச்சு ரெண்டையும் ஒரே டெசிபலுக்குக் கொண்டுவந்துட்டு மாத்தி மாத்திக் கேளுங்க. சத்தம் கொஞ்சம் கூடுதலா இருந்தாலே காது அதை 'நல்ல குவாலிட்டி'ன்னு சொல்லிடும்.